படிக்கு ஒரு துண்டு

அந்த வாடகை வீட்டு மாடிப்படியை நினைத்தால் அக்காவுக்கு இப்போதும் கால் தானாக உயரும். கீழே நாலு படி, ஒரு திருப்பம், மேலே அஞ்சு படி.

அப்போது அவள் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். ஆனால் சோப்புக்காரம் விரலிடுக்கைத் தின்றுவிட்டது. இனித் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலியாக இருந்தது, மைக்கில் நோயாளிகளை அழைக்கும் வேலை மட்டும்தான். அதற்கு, காது மூக்கு தொண்டைப் பிரிவின் இங்கிலீஷ் பெயரைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். ஓட்டோரைநோலரிங்காலஜி.

"ரயில் மாதிரி நீளமா இருக்குடி."

"பெட்டி பெட்டியா கழட்டிடலாம், வாக்கா," என்றாள் பள்ளிக்கூடம் போகும் தங்கை. அகராதியில் ஒன்பது துண்டாகப் பிரித்திருந்ததாம். படியும் ஒன்பது.

"ஓ. டோ. ரை. நோ." திருப்பம். "ல. ரிங். கா. ல. ஜி."

"'கா'வை நல்லா மிதி. அங்கதான் அழுத்தம். நீ என்னமோ பூனை மாதிரி வைக்கிற."

பத்து நாள் ஏறி இறங்கினார்கள். "படி தேஞ்சா நான் பொறுப்பில்ல," என்றார் கீழ்வீட்டுக்காரர்.

தேர்வு நாளன்று மேலாளர் மைக்கை நீட்டினார். 'நோ' வரைக்கும் சொன்னவள் நின்றாள், இடப்பக்கம் திரும்பினாள், மிச்சத்தைச் சொன்னாள். பாதி வார்த்தை சுவருக்குப் போயிற்று.

"ஏம்மா நடுவுல நின்ன?"

"அங்க திரும்பணும் சார்."

"எங்க?"

படிக்கதையை முழுக்கச் சொன்னாள். வெளியாளிடம் அவள் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிற்காமல் சொல்லச் சொன்னார். மூன்று தடவை முயன்றாள். முடியவில்லை.

"சரி, நின்னே சொல்லு. கேக்கிறவங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனா திரும்பாத. திங்கக்கிழமை வந்துடு."

வீட்டுக்கு வந்தபோது தங்கை மேல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கிடைச்சுதா?"

"ம்."

தங்கை சிரித்தாள். பிறகு அகராதியை மெதுவாக மூடினாள். "அப்ப நாளையிலேர்ந்து ஏற வேண்டியதில்ல."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"இதைவிடப் பெரிய வார்த்தை ஏதாவது இருக்கா, பாரு."