நிமிடத்துக்கு முப்பத்தெட்டு

கல்லூரி பூட்டிக் கிடந்த அந்தப் பருவத்தில், உயிரியல் ஆய்வக வகுப்பை ஆசிரியை தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஆன்லைனில் நடத்தினார். மைக்ராஸ்கோப்பும் இல்லை, தவளையும் இல்லை. ஆளுக்கொரு மணிக்கட்டு மட்டும் இருந்தது. வீட்டில் ஒருவருடைய நாடித்துடிப்பை எண்ணி அனுப்பச் சொன்னார்.

அறுபது பேர் அனுப்பினார்கள். பாதிப் பேர் எண்ணாமலே எழுபத்திரண்டு என்று அடித்துவிட்டிருந்தது பார்த்தவுடன் தெரிந்தது. ஒரு பெண் மட்டும் தன் அப்பாவுக்கு முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தாள். வகுப்பில் வாயே திறக்காததால் மற்றவர்கள் அவளை ‘மியூட்டு’ என்பார்கள். ஆசிரியை சிவப்பில் ‘எண்ணிக்கை தவறு’ என்று எழுதினார். அவள் மூன்று முறை எண்ணித் திருப்பி அனுப்பினாள்: முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தெட்டு. திருத்த வேண்டிய தாள்கள் இன்னும் மலைபோல் கிடந்தன. பத்துக்கு நாலு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பன்னிரண்டாம் நாள் அவள் வகுப்பில் இல்லை.

“அவங்க அப்பா தவறிட்டாரு மிஸ். இதயம் நின்னுபோச்சாம்” என்றான் ஒரு மாணவன்.

அன்றிலிருந்து ஆசிரியை தினமும் டிவி பார்க்கும் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“என்ன, திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?” என்பார் கணவர். ஆசிரியையின் உதடுகள் எண்ணிக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். கறுப்புக் கட்டத்தில் அவள் பெயர் தெரிந்தாலே ஆசிரியை அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன் செய்தார்.

“நீ சரியாத்தான் எண்ணியிருந்தேம்மா. அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்கணும். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”



“டாக்டர்கிட்ட போலாம்னு நான் கூப்பிட்டேன் மிஸ். அப்பாதான் வரல. ‘உங்க மிஸ்ஸே தப்புன்னு எழுதிட்டாங்க, உனக்கு எண்ணத் தெரியல’ன்னு சிரிச்சாரு.”

கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். மார்க்கைத் திருத்தவா என்று கேட்க வாயெடுத்த ஆசிரியை, அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

“வச்சிடட்டுமா மிஸ்?” என்றாள் அவள்.

அடுத்த வருடமும் ஆன்லைன் வகுப்புதான், அதே பாடம்தான். எண் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஆசிரியை போனை எடுத்துவிடுவார். ஒரு மாணவன் தன் அப்பாவுக்கு நாற்பத்திநாலு என்று எழுதியிருந்தான்.

“சும்மா அடிச்சுவிட்டேன் மிஸ், சாரி” என்று இழுத்தான்.

“பரவால்ல. அப்பா பக்கத்துல இருக்காரா? கையப் பிடி. நான் லைன்லயே இருக்கேன்.”

அவன் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம் முடிந்தது. அவன் எண்ணிக்கொண்டே போனான். போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.