ஐந்தரை மணி நேரம்

தமிழ்நிலா வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்திரண்டு நாளும் மரக்காணத்து உப்பளக்காரர்களுக்கு வானிலை சொன்னவள் அவள்தான். ஏற்பாடு அவளுடைய அப்பா தனக்கோடியுடையது. மகள் வடக்கே விமானம் ஓட்டப் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள், விமானக்காரர்கள் வானத்தைப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள், அப்புறம் எதற்கு டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. உப்பளக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அவரே அவளைச் சேர்த்துவிட்டார். குழுவில் நாற்பது பேர். தினமும் காலையில் அவள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவாள்: "இன்னிக்கு மழை இல்லீங்க. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வரும். வெயில் நல்லா அடிக்கும்."

வைகாசி வெயிலில் மரக்காணத்தில் மழை இல்லை என்று சொல்ல விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பால் ஊற்ற வருகிறவர்கூடச் சொல்லிவிட்டுப் போவார். ஆனாலும் இருபத்திரண்டு நாள் விடாமல் சரியாகச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்யும். அவளுக்கும் ஏறியது. அப்பா வயதுக்காரர்களெல்லாம் கட்டைவிரல் படம் போட்டார்கள். பக்கத்து உப்பளத்து நடராசன், "பைலட் பாப்பா இருக்கும்போது நமக்கு இன்னா கவலை" என்று எழுதினார். அவள் அதை நான்கு முறை படித்தாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அவள் லீவுக்கு வரவில்லை. லைசென்ஸ் வாங்க எழுத வேண்டிய பரீட்சைகளில் மற்றதிலெல்லாம் தேறிவிட்டாள், வானிலைத் தாளில் மட்டும் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாம் தடவைக்குப் படிக்கத்தான் வந்திருந்தாள். வீட்டில் எல்லாமே பாஸ் என்று சொல்லியாகிவிட்டது. முதல் தடவை பயத்தில் சொன்னாள். இரண்டாம் தடவை, முதலில் சொன்ன பொய்யைக் காப்பாற்றச் சொன்னாள். புத்தகம் பெட்டிக்கு அடியில் துணிகளுக்குக் கீழே கிடந்தது. பாஸ் ஆனவளுக்கு என்ன படிப்பு என்று அம்மா கேட்டுவிடுவாளோ என்று அதை எடுக்கவே இல்லை.

தோற்ற பாடத்தையே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. காலையில் மெசேஜ் போட்டதும் அதை அழித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வரும். கட்டைவிரல்கள் வர ஆரம்பித்ததும் அது போய்விடும்.

இருபத்திமூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். பாத்திகளெல்லாம் வெள்ளை வெளேரென்று விளைந்து கிடந்தன, கண் கூசியது. உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த கொளஞ்சியம்மாள், வாருபலகையை ஊன்றிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றாள்.

"அண்ணே, மேக்கால பாருங்க. அடியில கருத்துக்கினு வருது. இப்பவே வாரிடலாம். பன்னெண்டு பேர கூப்டுறேன். மூணு மணிக்குள்ள குவிச்சி, தார்ப்பாய் போட்டு மூடிடலாம்."

தனக்கோடிக்கு மனசு வரவில்லை. "நாளன்னிக்கு வாரலாம்னு இருந்தேன் கொளஞ்சி. இன்னும் ரெண்டு வெயில் வாங்குனா உப்புக் கல்லு நல்லா பெருசாவும்." அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற?"

தமிழ்நிலா போனில் ஒரு பக்கத்தைத் தேடினாள். விமானிகளுக்கென்று விமான நிலையத்திலிருந்து வெளியிடும் முன்னறிவிப்பு அது. முழுக்க எழுத்தும் எண்ணுமாக இருக்கும், மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அதைத் திறந்து படிப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. இடியுடன் மழை வரலாம், ஒன்பதிலிருந்து பதிமூன்று மணி வரை என்று போட்டிருந்தது. பதிமூன்று என்றால் ஒரு மணி. இப்போது பன்னிரண்டு நாற்பது.

"ஒரு மணி வரைக்கும்தான்பா சான்ஸ் போட்டிருக்கு. இன்னும் இருபது நிமிஷம். அதுக்கப்புறம் கிளியர்."

"கண்ணுக்குத் தெரியுதே பாப்பா" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அத்தை, இதெல்லாம் கண்ணால பாத்துச் சொல்ற விஷயம் இல்ல. பிளேனே இத நம்பித்தான் எறங்குது."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அங்கேயே நின்று, கொளஞ்சியம்மாள் காதுபடவே குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "மேக்கால கருக்குதுன்னு யாராச்சும் சொன்னா பயந்துடாதீங்க. ஒரு மணிக்கு மேல மழைக்குச் சான்ஸே இல்ல. நிம்மதியா சாப்புட்டுத் தூங்குங்க." கடைசியில் ஒரு சிரிப்பு வேறு. உடனே கட்டைவிரல்கள் வந்தன. நடராசன் சிரிக்கும் பொம்மை இரண்டு போட்டார். கொளஞ்சியம்மாள் வாருபலகையைக் கொட்டகையில் சாத்தினாள். பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கடல் காற்று சட்டென்று நின்றது. தமிழ்நிலா அப்போது வீட்டு வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஓர் இலைகூட அசையவில்லை. பிறகு மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று வந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி சில்லென்று இருந்தது. அது என்ன காற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடிமேகத்துக்குள்ளிருந்து கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதி, மழைக்கு முன்னால் ஓடிவரும். இரண்டு பரீட்சையிலும் இதைக் கேட்டிருந்தார்கள், இரண்டிலும் தப்பாக எழுதியிருந்தாள்.

துணியைப் போட்டுவிட்டுப் போனைத் திறந்தாள். அதே வரி. மேலே தேதிக்குப் பக்கத்தில் இசட் என்று ஓர் எழுத்து. விமானக்காரர்களுக்கு உலகம் பூராவும் ஒரே கடிகாரம்தான், அது லண்டன் பக்கத்துக் கடிகாரம். நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். வானிலைப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு பாடம்கூட இல்லை, அவ்வளவு சாதாரணம். ஒன்பது என்றால் மத்தியானம் இரண்டரை. பதிமூன்று என்றால் சாயங்காலம் ஆறரை. இருபத்திரண்டு நாளும் மழை என்ற சொல்லே அதில் இல்லாததால் அவள் மணியைப் பார்த்ததே இல்லை.

முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சாப்பிட்டு வீட்டுக்கு வந்து படுத்திருந்த தனக்கோடி மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். போய் என்ன செய்வார்? பாத்தியில் இருந்த உப்பு பாத்தியிலேயே கரைந்தது. முன்பே வாரி, மூடாமல் விட்டிருந்த குவியல்கள் கண்ணெதிரே இளைத்து ஒழுகின. அவருடையது மட்டுமல்ல, அவள் பேச்சைக் கேட்டுச் சாப்பிட்டுத் தூங்கிய அத்தனை பேருடையதும் போயிற்று.

சாயங்காலம் நடராசன் வீட்டுக்கே வந்துவிட்டார். தமிழ்நிலா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பாப்பா சரியாத்தான் சொல்லிச்சு நடராசா" என்று அப்பா சொல்வது கேட்டது. "நான்தான் காதுல சரியா வாங்கல. நேரத்த மாத்திப் புரிஞ்சிக்கினேன்."

"ஏம்பா தனக்கோடி, உன் காதுலதான் கோளாறு, சரி. நாப்பது பேரு காதுலயுமா கோளாறு?"

நடராசன் இன்னும் என்னென்னவோ பேசினார். பெண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் இப்படித்தான் என்றார். தனக்கோடி தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஈர வேட்டியைக்கூட இன்னும் மாற்றவில்லை. வெளியே போய் நின்று நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று தமிழ்நிலாவுக்குத் தோன்றியது. ஆனாலும் நடராசனின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை கதவோடு ஒட்டிக்கொண்டே நின்றாள்.

அப்பா உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்த மெசேஜ அழிக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

முடியும் என்றாள். அழித்தாள். அவள் குரல் இருந்த இடத்தில், இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. எல்லாரும் கேட்டு முடித்தபின் அதை அழித்து யாரை ஏமாற்றுவது? அழிக்காமல் விட்டிருந்தால் தப்பு செய்தவள் என்று மட்டும் இருந்திருக்கும். இப்போது திருட்டுத்தனமும் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டில் கை வைக்கவே அவளுக்குக் கூசியது.

மறுநாள் காலை அப்பா கூப்பிடாமலேயே அவரோடு உப்பளத்துக்குப் போனாள். பளிச்சென்று வெயில் அடித்தது, நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி. பாத்திகளில் கலங்கிய தண்ணீர் நின்றது. பெண்கள் வரப்பை வெட்டி அதை வடியவிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்து, புதுசாக உப்புத்தண்ணி கட்டி, மறுபடி விளைய இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை அந்தப் பெண்களுக்கு வாரிக் கூலி வாங்க உப்பு இல்லை. நடராசன் தன் பாத்தியில் நின்றுகொண்டு இவர்கள் பக்கம் திரும்பாமல் வேலை பார்த்தார்.

கொளஞ்சியம்மாள் நிமிர்ந்தாள். அவள் திட்டுவாள் என்று தமிழ்நிலா நினைத்தாள், திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா கண்ணு? எனக்கு அதெல்லாம் தெரியாது, அதான் கேக்குறேன். நேத்து நீ மேல பறந்துக்கினு இருந்து, இதே மாதிரி நேரம் மாறிப் போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நேத்தே நடராசன்கிட்ட சொன்னனே கொளஞ்சி, நேரத்த மாத்துனது நான்" என்றார் தனக்கோடி அவசரமாக.

"இல்லப்பா. நான்தான்." தமிழ்நிலா சொல்லிவிட்டாள். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "அது லண்டன் டைம்ப்பா. அஞ்சரை மணி நேரம் கூட்டணும். நான் கூட்டாமப் படிச்சிட்டேன். அந்தப் பரீட்சைல நான் பாஸ் ஆகலப்பா. உங்ககிட்ட பொய் சொன்னேன். ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் ஃபெயில். நேத்து நீங்க எனக்காகப் பேசுறப்போ கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நடராசனும் திரும்பிப் பார்த்தார். தனக்கோடி மண்வெட்டியைப் பிடித்தபடி அவளையே பார்த்தார்.

"ரெண்டு தடவையா?"

"ஆமாம்பா." பிறகு அவள் கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள். "நேத்து உங்கள வெச்சி சிரிச்சிட்டேன் அத்தை. மன்னிச்சிடுங்க."

"அது கெடக்குது" என்றாள் கொளஞ்சியம்மாள். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே."

தமிழ்நிலாவுக்குப் பதில் தெரியும். நேற்று ராத்திரிதான் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தாள். "நேத்து மாதிரி மேகத்துக்குக் கீழ எறங்கக் கூடாது அத்தை. எறங்கினா, முதல்ல எதிர்க்காத்து அடிச்சி ஃபிளைட்ட மேல தூக்கும். நல்லாத்தான் தூக்குதுன்னு பைலட் இன்ஜின கொறைப்பான். உடனே காத்து மேலேர்ந்து அமுக்கும், அப்புறம் பின்னாடிப் பக்கம் மாறிடும். ஃபிளைட் அப்படியே கீழ எறங்கும். தரை கிட்டக்க இருந்தா திரும்பத் தூக்குறதுக்கு நேரம் இருக்காது."

"தூக்கலன்னா?" என்றார் தனக்கோடி.

"மோதிடும்பா."

அவர் பாத்தி பக்கம் திரும்பினார். வெட்டிய வரப்பு வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு ஃபிளைட்ல எத்தன பேரு ஒக்காந்திருப்பாங்க?"

"நூத்தி எம்பது பேர் இருப்பாங்கப்பா."

தனக்கோடி மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் நிதானமாகத்தான் சொன்னார்.

"அப்போ நீ ஃபெயில் ஆனதே நல்லதாப் போச்சும்மா."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபமே இல்லை. யாருக்கோ வரவிருந்த பெரிய கெடுதல் ஒன்று வராமல் போய்விட்டது என்ற நிம்மதிதான் இருந்தது. அது நியாயமான நிம்மதி என்பது அவளுக்குத் தெரிந்ததால், அழக்கூட அவளுக்கு வழி இல்லை. அவர் அடுத்த வரப்பை வெட்டப் போனார்.