அழித்த குறிப்பு

மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் கருவிக்கு எந்த மொழியில் நிரல் எழுதுவது என்று அலுவலகத்தில் மூன்று மாதமாக அடிபிடி. அங்கே மூத்தவரான மாமாவுக்கு சி-யை விட்டால் வேறு மொழியே கிடையாது. அதில் கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு இடத்தையும் எழுதுபவரே தன் கையால் எடுத்து, தன் கையால் விடவேண்டும். அவர் மனைவியின் தம்பி ஜாவா பக்கம். வேண்டாத நினைவகத்தை அதுவே கூட்டிப் பெருக்கிவிடும் என்பான்.

"வீட்ல ஆள் வச்சுப் பெருக்கறவன் எனக்குப் பாடம் எடுக்கறான்," என்று மாமா எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்குவார்.

முதலாளியம்மாவுக்கு அலுத்துவிட்டது. "ரெண்டு பேரும் எழுதுங்க. ஆறு மணி நேரம் ஓட்டிப் பாப்போம். தோத்தவங்க வேலைய விட்டுக் கிளம்பலாம்."

மச்சினன் தன் நிரலை மாமாவிடம் காட்டினான். "எங்கயாச்சும் இடிக்குதா மாமா?"

பெருக்குவதற்காக அது அவ்வப்போது ஒரு நொடி நின்றுபோகும் என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. "பிரமாதம் மாப்ள," என்று முதுகில் தட்டினார். மறுநாள் அவருடைய நிரலுக்குள் அவன் ஏதோ குறிப்பு எழுதியிருந்தான். பொடிப்பயலுக்கு என்ன திமிர்! படிக்காமலே அழித்தார். அழித்ததையும் அழித்தவர் பெயரையும் அலுவலகக் கணினி சேர்த்து வைக்கும் என்பது கோபத்தில் நினைவில்லை.

சோதனையன்று மச்சினனின் கருவி இரண்டு முறை நின்று நின்று சொட்டியது. மாமாவுக்கு வாயெல்லாம் பல். ஐந்தாவது மணியில் அவருடைய கருவி அளவை மறந்து, புட்டி மருந்து முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டியது. நல்லவேளை, கீழே இருந்தது ஆள் இல்லை, வாளி.

"நின்னது தப்புதான், சரி பண்ணிக்கலாம். இது கொலை," என்ற முதலாளியம்மா, நிரலின் பழைய பதிப்புகளைத் திரையில் புரட்டினார். குறிப்பு அங்கே பத்திரமாக இருந்தது, அழித்தவர் பெயரோடு. உரக்கப் படித்தார்.

"மாமா, விட்டுட்ட இடத்துலயே இங்க மறுபடி எழுதறீங்க. மருந்து அளவு கெட்டுடும். யார்கிட்டயும் சொல்லல. சத்தமில்லாம மாத்திடுங்க."

ஒருத்தராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்காததுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை.

மச்சினன் மெல்லக் கேட்டான். "என்னோடது நிக்கும்னு அன்னிக்கு உங்களுக்குத் தெரியலையா மாமா?"

தெரியும் என்றால் மனைவி முகத்தில் இனி விழிக்க முடியாது. தெரியாது என்றால் இருபது வருஷத் தொழிலே பொய்.

"தெரியலைடா," என்றார்.

முதலாளியம்மா அதையும் குறித்துக்கொண்டார்.