ராதாவின் முன்பற்களுக்கு நடுவே

"ராதா, உன் டாக்டர் லைன்ல இருக்காரு!"

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பெர்னதெத் அக்கா கத்தினாள். நீலசந்திரா பகுதியின் அந்தச் சந்தில் அவள் வீட்டில் மட்டும்தான் போன். ராதா ஈரக்கையோடு ஓடினாள். அவள் கணவன் எத்திராஜ் சுவரோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

"இல்ல சார், வேற யார்கிட்டயும் போகல. நாளைக்குக் கண்டிப்பா வரேன். ப்ராமிஸ்."

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். எந்த டாக்டர் நோயாளியை இப்படி விடாமல் கூப்பிடுவான்? ஆட்டோவுக்கும் அவனே காசு தருவதாகச் சொன்னானாம்; ராதாதான் பஸ்ஸே போதும் என்றாளாம்.

ராதாவின் முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. அவள் சிரித்தால், யாரோ ஒரு கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்ததுபோல எத்திராஜுக்குத் தோன்றும். பெண் பார்க்கப் போன அன்று அவன் மயங்கியது அதில்தான். இப்போது அதை அடைக்கத்தான் இந்தப் பல் டாக்டர்.

"இத்தனை வருஷமா எனக்குப் பிடிச்சிருக்கே. இப்ப யாருக்குப் பிடிக்கல?"

"எனக்குத்தான். புடவைக் கடையில ஒருநாள் என் இடத்துல நின்னு பாரு. வர்றவங்க புடவையையா பாக்கறாங்க? என் பல்லத்தான் பாக்கறாங்க."

அவன் நம்பவில்லை. மறுநாள் அடுகோடியில் தான் வேலை பார்க்கும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் முன்வாசலில் ஏறிய அதே பஸ்ஸின் பின்வாசலில் ஏறிக்கொண்டான்.

பல் மருத்துவக் கல்லூரியின் நீண்ட கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். வெள்ளைக்கோட்டு இளைஞன் ஒருவன் வாசலிலேயே காத்திருந்து ராதாவை அவசரமாக அழைத்துப்போனான். எத்திராஜ் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"கம்பி போட்டா பல்லே நகர்ந்து சேரும். ஆனா ஒன்றரை வருஷம் ஆகும்," என்றான் இளைஞன். "பல்ல ராவி உறை மாட்டலாம். உங்க நல்ல பல்ல எதுக்கு ராவணும்? பல் கலர்லயே பேஸ்ட் வெச்சு நீல லைட் காட்டினா இன்னிக்கே முடிஞ்சிடும்."

பிறகு குனிந்து குரலைத் தாழ்த்தினான். "யார் கூப்பிட்டாலும் எழுந்து போகாதீங்க. நீங்க எனக்கு மட்டும்தான்."

எத்திராஜ் பாய்ந்து வந்தான். "என்னடா உனக்கு மட்டும்? ராதா, எழுந்திரு! வீட்டுக்குப் போலாம்."

இளைஞனின் முகம் வெளுத்தது. "ஐயோ, பேடா அண்ணா, வேண்டாம்! இன்னிக்கு எனக்கு ஃபைனல் எக்ஸாம். பேஷண்ட நாங்களேதான் தேடிப் பிடிக்கணும். இந்த மாதிரி பல்லு கிடைக்கறதே இல்ல. போன வாட்டி என் பேஷண்ட பக்கத்து சேர்க்காரன் தள்ளிட்டுப் போயிட்டான். நான் ஃபெயில்!"

பக்கத்து நாற்காலிக்காரன் மும்முரமாகக் கையுறை மாட்டினான்.

ராதா எத்திராஜையே பார்த்தாள். "என் பஸ்லயே வந்தியா?"

அவன் பஸ் டிக்கெட்டைக் கைக்குள் மறைத்தான்.

"உக்காரு. நல்லா பாரு," என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

ஆனால் இளைஞனின் முதுகும், பிறகு மார்க் போட வந்த தேர்வாளரின் முதுகும் எல்லாவற்றையும் மறைத்தன. நீல வெளிச்சம் மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. முடிந்ததும் ராதா கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது புடவைத் தலைப்பு அவள் வாயை மூடியிருந்தது.

"காட்டேன்," என்றான் பஸ் நிறுத்தத்தில். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

சந்துமுனையில் பெர்னதெத் அக்கா மறித்தாள். "எங்க, காட்டுடி!"

ராதா தலைப்பை இறக்கிச் சத்தமாகச் சிரித்தாள்.

"அடியம்மா! சினிமாக்காரி தோத்தா போ!"

பின்னால் நின்ற எத்திராஜுக்கு அவள் பின்னல்தான் தெரிந்தது. அவன் சுற்றி முன்னால் வருவதற்குள் ராதா உதடுகளை மூடிக்கொண்டாள்.