காதில் சொன்ன வேலை

வெளியே இருட்டு இன்னும் கலையவில்லை. கொட்டகைக்குள் அதற்குள் நீராவி கூரைத் தகரம் வரை ஏறி, சொட்டுச் சொட்டாய்ப் பிள்ளைகளின் பிடரியில் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்து இறக்கிய மூட்டைகளை அவிழ்த்து, விரிப்பு ஒரு பக்கம், தலையணை உறை ஒரு பக்கம், இரத்தம் பட்டது தனி என்று பிரித்துப் போட வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டால் வேலைக்கு ஒரு கைதான் மிஞ்சும். ஆகவே எல்லோரும் வாயால் மூச்சுவிடப் பழகியிருந்தார்கள். அந்தப் பயிற்சி மையத்தில் அவர்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

பயிற்சி மையம் என்றுதான் பெயர். வேலையில்லாத ஏழை இளைஞர்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி, முடிந்ததும் வேலை தேடித் தரப்படும் என்று வாசலில் பெரிய பலகை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், அப்பா இல்லாதவர்கள், அப்பா இருந்தும் இல்லாதவர்கள், விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தவர்கள் என்று ஒரு கூட்டம் அந்தப் பலகையை நம்பி வந்து சேர்ந்திருந்தது. துணி வெளுக்கவும் இஸ்திரி போடவும் கற்றுத் தருவார்கள். கற்று முடித்தால் ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், சலவைப் பிரிவில் நிரந்தர வேலை. குளிர்காலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய பயிற்சி, குளிர் போய் வெயில் ஏறியும் முடியவில்லை. கேட்டால், "இன்னும் நேர்த்தி வரல" என்பார் தொழில் சொல்லித் தரும் மாஸ்டர்.

துருவிக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் சந்தேகம். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது; பெற்றவள் வைத்த பெயர் இப்போது பெற்றவள் வாயிலேயே வருவதில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம் அல்ல அவள். பாலையே காட்டினாலும் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா? உடம்புக்கு ஏதாவது முடியலையா உனக்கு?"

"இது ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம பயிற்சிக்குன்னு இரவல் குடுத்த துணின்னு சொன்னீங்க. போன வாரம்தானே வெளுத்து, மடிச்சு, அடுக்கி வெச்சோம். மறுபடி எப்படி அழுக்காகி வருது?"

"அழுக்கு இல்லாம வெளுக்கறதை எப்படிக் கத்துக்குவ? நீச்சல் பழகத் தண்ணி வேணாமா?"

"அழுக்குதான் வேணும்னா சேறு போதுமே மாஸ்டர். இது ஆளு படுத்த அழுக்கு."

மாஸ்டர் வெளுப்பு மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவரும் ஒரு காலத்தில் இங்கே பயிற்சிக்கு வந்தவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அவரிடம் அதைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

வீட்டில் சொன்னால் அம்மா காது கொடுக்க மாட்டாள். "தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதடி. நம்மளை மதிச்சு ஒருத்தன் தொழில் சொல்லித் தர்றான்." மாடி வீடுகளில் பாத்திரம் கழுவித்தான் அவள் மகளை வளர்த்தாள். இப்போது முழங்கால் வீங்கிப் படி ஏற முடியாமல், ஒவ்வொரு வீடாக வேலை கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இந்த மாதத்துக்குப் பிறகு அடுப்பு எரிவது துருவியின் கையில்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் ஒரு மாலை மையத்தின் இயக்குநர் ஐயா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஐயாவின் சட்டை எப்போதும் சலவை மடிப்புக் கலையாமல் இருக்கும். குரலோ அதைவிட மிருது.

"உன்னைத்தாம்மா நான் மனசுல வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல ஒரு இடம் காலியாகப் போகுது. முதல் வேலை உனக்குத்தான். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாத. மத்தவங்களுக்கு வயிறு எரியும், உன்னை எதுலயாவது மாட்டி விட்ருவாங்க."

அன்றோடு துருவியின் கேள்விகள் நின்றன. வாய்க்குப் பூட்டுப் போட ஆசையைவிட நல்ல பூட்டு கிடையாது. சந்தேகம் மட்டும் நிற்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தது பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் சிரிப்பு என்றே பெயர் வாங்கியவள், அவளோடு சேர்ந்து விரிப்பு மடிப்பவள், அடுத்த வாரம் ஐயாவின் அறையிலிருந்து வெளியே வந்தாள். முகத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் சிரிப்பு. இவள்தான் உள்ளே போய்க் கோள் சொல்கிறாள் என்று துருவி முடிவு கட்டினாள். கூடப் பயிற்சிக்கு வந்த தாடிக்காரனும் ஒருநாள் போய் வந்தான். அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். முன்பெல்லாம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் டப்பாவைத் திறந்தார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மூன்றாமவர் வந்தால் பேச்சு சட்டென்று வானிலைக்கு மாறியது.

அதனால்தான் ரோலர் விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் இஸ்திரி போட்டுத் தள்ளும் கொதிக்கிற உருளை அது. கை உள்ளே போகாதபடி முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை தாமதமாகிறது என்று, கிழிந்த தலையணை உறையால் அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார் மாஸ்டர். எல்லோரும் பார்த்தார்கள். சொன்னால் தன் வேலை போய்விடும் என்று ஆளுக்கு ஆள் பயந்தார்கள்.

கடைசியில் ஒல்லியின் கை போயிற்று.

அவன் துருவியின் தெருக்காரன். விரிப்பின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்து ரோலருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையிலிருந்து நின்ற கால், தூக்கம் வழியும் கண். நனைந்த சட்டைக் கை விரிப்போடு ஒட்டிக்கொண்டதை அவனே கவனிக்கவில்லை. "அம்மா" என்றான், சத்தமாகக்கூட இல்லை. துருவி பாய்ந்து மெஷினை நிறுத்தியபோது தோல் வெந்த வாடை நீராவியில் கலந்துவிட்டது.

ஒல்லியை அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஐயா கொட்டகைக்கு வந்தார். "யாரும் பயப்படாதீங்க. உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லை."

"விரல் வருமா ஐயா?" என்று கேட்டான் தாடி.

"ரெண்டு விரல் கொஞ்சம் சந்தேகம்தான். என்ன பண்றது, கவனக்குறைவு."

"அப்ப அவன் வீட்டுக்கு ஏதாவது நஷ்ட ஈடு…"

"நஷ்ட ஈடா? அவன் என்ன தொழிலாளியா? மாணவன்ப்பா. பள்ளிக்கூடத்துல விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா வாத்தியார் பணம் கட்டுவாரா?"

"விடியறதுக்குள்ள வந்து பொழுது சாஞ்சு போறோம் ஐயா. பஸ் காசு தவிர ஒண்ணும் இல்லை."

"தொழில் கத்துக்கறீங்கள்ல? அதுக்கு மேல கூலி வேற கேக்கறீங்களா? கரும்பு தின்னக் கூலியா?" ஐயா மிருதுவாகச் சிரித்தார். "போங்க, வண்டி நிக்குது. மடிச்சு ஏத்துங்க."

அன்றும் மடித்து ஏற்றினார்கள். அந்த வெட்கத்தோடுதான் மாலையில் எல்லோரும் ஒல்லியைப் பார்க்கப் போனார்கள். வார்டில் அவன் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த வார்டுக்கார அக்கா அவர்களின் ஊறிப்போன விரல்களைப் பார்த்தாள்.

"மையத்துப் பிள்ளைங்களா?"

"ஆமாக்கா. பயிற்சி முடிஞ்சதும் இங்கதான் வரப் போறோம். சலவைப் பிரிவுக்கு" என்றாள் சிரிப்பு.

அக்கா கையிலிருந்த விரிப்பை அப்படியே நிறுத்தினாள். "எந்தச் சலவைப் பிரிவு? அதைத்தான் பூட்டிட்டாங்களே. உங்க மையம் மலிவா வெளுத்துத் தருதுன்னு மொத்தத் துணியையும் அங்க மாத்திட்டு, இங்க இருந்தவங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் வீட்டுக்காரர் அதுலதான் இருந்தாரு. இப்ப மூட்டை தூக்கறாரு."

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று துருவிக்குப் பிடிபடவில்லை. இருந்திருந்தால் நியாயம்தான். இரவல் துணி, பயிற்சித் துணி என்று அவள் கைகள் மாதக்கணக்கில் வெளுத்தது இன்னொருவனின் வேலையை. அந்த வேலைதான் அவளுக்கு என்று ஐயா காதில் சொன்னது.  இனி மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

"எனக்குத்தான் முதல் வேலைன்னு சொன்னாரு" என்றாள். "யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லல. அதுக்காகத்தான் கம்பியைக் கட்டினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

 சிரிப்பின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. "உனக்குமா?" என்றாள். "என்னைக் கூப்பிட்டும் அதையேதான்டி சொன்னாரு. உனக்குத் தெரிஞ்சா மாட்டி விட்ருவன்னு உன் பேரைச் சொல்லியே சொன்னாரு."

"எனக்கும்" என்றான் தாடி, தரையைப் பார்த்தபடி.

கட்டிலிலிருந்து ஒல்லி முனகினான். "நான்கூட ஒரே இடம்தானே இருக்கு, இதுங்க எல்லாம் பாவமேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நோயாளிகள் எழுந்து பார்த்தார்கள். வார்டுக்கார அக்கா அதட்டப் போனவள், அதட்டாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சிரித்து அடங்கியதும் ஆளாளுக்குக் கோபம் வந்தது. அன்று அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். ஒருவரும் வானிலைக்கு மாறவில்லை.

மறுநாள் விடியலில் மூட்டைகள் அவிழவில்லை. கொட்டகையை ஒட்டி வகுப்பறை ஒன்று உண்டு. பெஞ்சு, கரும்பலகை, சுவரில் மெஷின் படம் எல்லாம் இருக்கும். நன்கொடை தருகிறவர்கள் பார்க்க வரும்போது மட்டும் பூட்டுத் திறக்கும். அதைத் திறந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சாவி கேட்டபோது மாஸ்டர் எதற்கென்று கேட்காமல் கொடுத்திருந்தார். அது அன்பா, பொறியா என்று துருவிக்குச் சந்தேகம் வந்தது. வந்தாலும் உட்கார்ந்தாள்.

ஐயா வந்து வாசலில் நின்றார். "என்ன இது?"

"வகுப்புக்கு வந்திருக்கோம் ஐயா" என்றாள் துருவி.

"வெளிய வண்டி நிக்குது. ஆஸ்பத்திரியில விரிப்பு இல்லாமக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"மாணவங்களுக்கும் வண்டிக்கும் என்னங்கய்யா சம்பந்தம்? பாடம் நடத்துங்க. ரோலர்ல தடுப்புக் கம்பி எதுக்கு இருக்கு, அதைக் கட்டினா என்ன ஆகும், அங்கிருந்து ஆரம்பிங்க."

"திமிரா? நன்றி கெட்ட கூட்டம். ரோட்டுல கெடந்தவங்களைக் கூட்டிட்டு வந்து…"

"நாங்க தொழிலாளிங்கன்னா கூலி குடுங்க, ஒல்லிக்கு நஷ்ட ஈடு குடுங்க" என்றான் தாடி. "மாணவங்கன்னா பாடம் நடத்துங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க ஐயா. நாங்க உக்காந்திருக்கோம்."

வண்டி ஹாரன் அடித்தது. ஐயா குரலைத் தணித்துக்கொண்டு துருவியைப் பார்த்தார். "நீ இப்படிக் கொஞ்சம் வெளிய வாம்மா."

"இங்கயே சொல்லுங்க ஐயா."

"சரி, எல்லாரும் கேக்கட்டும். உதவி மாஸ்டரா உன்னைப் போடறேன். மாசச் சம்பளம். இன்னிலேர்ந்தே. இது காதுல சொல்ற வேலை இல்லை, பத்துப் பேர் சாட்சியாச் சொல்றேன்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பின. பழைய சந்தேகம் ஒரு நொடியில் அந்தக் கண்களுக்குத் திரும்பியிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கே தன்மேல் சந்தேகமாக இருந்தது. இந்த முறை வேலை நிஜம். அம்மாவின் முழங்கால் நிஜம். அவளுக்கு அந்த வேலை வேண்டும். அழுகை வருமளவுக்கு வேண்டும். ஐயாவின் முதுகுக்குப் பின்னால் மாஸ்டர் நின்றிருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒருநாள் இவரையும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"உதவி மாஸ்டர் என்ன பண்ணணும் ஐயா?" என்று கேட்டாள். "கம்பியைக் கட்டணுமா?"

ஐயா வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார்.

"எனக்கு வேண்டாம்."

 சிரிப்பு பெஞ்சுக்கடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியா? பலகையைப் பாத்துட்டு வாசல்ல தினமும் கூட்டம் நிக்குது" என்றார் ஐயா. குரலில் மிருது போயிருந்தது. "மாஸ்டர், நேத்து நான் பாத்துப் பேசினவங்க இன்னிக்குச் சேர வந்திருப்பாங்க, உள்ள கூட்டிட்டு வாங்க. இவங்க பாட்டுக்கு உக்காந்து பாடம் படிக்கட்டும்."

மாஸ்டர் மெதுவாகப் போனார். திரும்பி வரும்போது பின்னால் ஒரு கூட்டம். புதுச் செருப்பு, வாரிய தலை, நம்பிக்கையும் பயமும் சேர்ந்த முகங்கள். அவர் அவர்களைக் கொட்டகைக்கு நேராகக் கூட்டிப் போகாமல் வகுப்பறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வழி தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று அவருக்குத்தான் வெளிச்சம்.

முன்னால் நின்ற பெண் துணிப்பையை மார்போடு அணைத்திருந்தாள். உட்கார்ந்திருந்தவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "எங்களை நேரா மெஷினுக்குப் போகச் சொன்னாங்க. நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"ஒருத்தனுக்குக் கை வெந்துபோச்சு. அதுக்குப் பதில் கிடைக்கற வரைக்கும் உக்காந்திருக்கோம்" என்றாள் சிரிப்பு. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. நேத்து ஐயா உன்கிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?"

அந்தப் பெண் ஐயாவைப் பார்த்தாள். பிறகு தன் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் பின்னால் நின்ற பையன் ஒருவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு" என்றாள் அவள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெளியே ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. துருவி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். பையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. இவர்களையும் முழுதாக நம்பிவிடவில்லை என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது. துருவிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"எந்தக் கை?" என்று அவள் ரகசியமாகக் கேட்டாள். "எப்படி வெந்துச்சு?"

துருவி அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே. அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பெஞ்சில் இடம் போதாமல், பழையவர்கள் தரையில் இறங்கி உட்கார்ந்தார்கள்.