கண்ணை மூடிக்கோங்க

இறுக மூடிய இமைகள், அவற்றின் மேல் நாற்காலி விளக்கின் வெளிச்சம் வட்டமாகக் கிடக்கிறது, உள்ளே கருவிழிகள் இரண்டும் எலிக்குஞ்சு மாதிரி ஓடுவது நவநீதனுக்குத் தெரிகிறது, இந்த ஆள் பயப்படவில்லை, நம்புகிறார், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துத் தண்ணீருக்காகப் பூமிக்குள் குழாய் இறக்குகிற அர்த்தநாரி தன் கீழ்க் கடைவாய்ப் பல்லை ஓர் இறுதியாண்டுப் பல் மருத்துவ மாணவனின் தேர்வுக்கு நேர்ந்துவிட்டதுபோல் வாயைப் பிளந்து படுத்திருக்கிறார், தேர்வுக்கு நோயாளியை மாணவனே கூட்டிவர வேண்டும் என்பது கல்லூரி வழக்கம், மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் வீங்கிய கன்னங்களைத் தேடி அலைந்தபோது இவர் தானாகவே வந்தார், போன மாசம் அந்தப் பக்கம் எடுத்தீங்களே தம்பி, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லைங்க, உங்களுக்குப் பரீட்சைன்னதும் வண்டியை நிறுத்திப்போட்டு வந்துட்டனுங்க என்று மரப்பு ஊசிக்கு முன்னால் சொன்னார், நவநீதன் அடக்கமாகச் சிரித்தான், போன மாதம் அந்தப் பல்லை எடுத்தது அவன் இல்லை.

எடுத்தது கிருபா அக்கா, அவனுக்கு ஒரு வருடம் மூத்தவள், படிப்பை முடித்துவிட்டு இதே பிரிவில் ஹவுஸ் சர்ஜன், இதோ இப்போதும் தேர்வுக்கு உதவியாக உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி எதிரே நிற்கிறாள், அன்றைக்கும் இப்படித்தான் வெள்ளைக் கோட்டோடு நின்றாள், நர்சம்மா, டாக்டர் எப்ப வருவாருங்க என்று இதே அர்த்தநாரி கேட்டார், நான்தாங்க டாக்டர் என்றாள், இல்லைங்க, பல்லுப் புடுங்கற டாக்டர் என்றார், அவள் கோபப்படவில்லை, கோபம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிருந்தது, டேய் மீசை, இங்க வாடா என்றாள், பல் அச்செடுத்த தட்டில் ஒட்டிய பிசினைக் கழுவிக்கொண்டிருந்த நவநீதன் ஈரக்கையோடு ஓடிவந்தான், அந்தப் பிரிவில் இது வழிவழியாக வருகிற ஏற்பாடு, வகுப்பு முழுக்கப் பெண்கள், பையன்கள் ஒரு பெஞ்சுக்குத்தான் தேறுவார்கள், அதிலும் மீசை உருப்படியாக வளர்ந்தவர்களுக்கு நல்ல கிராக்கி, மீசை நாற்காலியருகே வந்து நிற்கும், விளக்கு கூசும், கண்ணை மூடிக்கோங்க என்று முடிந்தவரை கனத்த குரலில் சொல்லும், அவனுடைய மொத்த மருத்துவமும் அதுதான், நோயாளி கண்ணை மூடியதும் அக்கா குனிவாள், இழுக்க மாட்டாள், வேர்ப்பக்கம் அழுத்தி மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக அசைத்துக் காத்திருப்பாள், பல் வரும், அவ்வளவுதாங்க என்று மீசை சொல்லும், கண்ணைத் திறந்தவர் மீசையைப் பார்த்துக் கும்பிடுவார், கூலி ஒரு முட்டை பஃப்ஸ், கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அக்காவும் சிரித்தாள், போன மாதம் வரைக்கும்.

அர்த்தநாரி மீசையைக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்தபடி துறைத் தலைவர் சின்னுசாமி சார் வந்து அந்தப் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வேரெல்லாம் முழுசா வந்திருக்கு பாரு அம்மிணி, ஆம்பளைக் கைங்கறது இதுதான், நீ என்னமோ சர்ஜரிதான் மேல்படிப்புன்னு ஒத்தக்கால்ல நிக்கற, குழந்தைப் பல்லு படி கண்ணு, வீட்டு மாடியிலயே நாற்காலி போட்டுக்கலாம், குழம்பு கொதிக்கறதுக்குள்ள ஒரு பல்லை அடைச்சுட்டு இறங்கி வந்தர்லாம், சரிங்க சார் என்றாள் அக்கா, பிறகு நவநீதனைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை, அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம், வாய் இருந்தது, பல் இருந்தது, பாராட்டை வாங்கிக்கொள்கிற பணிவோடு தலையைக் குனிந்தான், அதற்குப் பின்னால் அவள் அவனை மீசை என்று கூப்பிட்டதில்லை, வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

இன்றைக்குக் குறடு அவன் கையில், பல்லைக் கவ்வியிருக்கிறது, அவன் இழுக்கிறான், பல்லோடு தலையும் சேர்ந்து வருகிறது, நேற்றுக் கனவில் இந்தப் பல்லின் வேர் நாற்காலியைத் துளைத்துக்கொண்டு இறங்கிப் பாறையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, இன்னும் இழுங்க தம்பி, தண்ணி வரும் என்று அர்த்தநாரி அந்தக் கனவில் உற்சாகப்படுத்தினார், இப்போது வியர்வைதான் வருகிறது, பல்லிலிருந்து நெறுக்கென்று சின்னதாக ஒரு சத்தம், பல் பாதியில் உடைந்தால் தேர்வு போய்விடும், மறுபடி ஆறு மாதம், சின்னுசாமி சார் தேர்வு நடத்த வந்திருக்கும் வெளியூர்ப் பேராசிரியரிடம் இவனைக் காட்டி, சார், பார்த்துக்கிட்டே இருங்க, இந்தப் பையன் கை தனி என்கிறார், நல்லவேளை அதற்குள் டீ வருகிறது, இருவரும் திரும்பிக்கொள்கிறார்கள், நவநீதன் குறட்டை நீட்டுகிறான், அக்கா, அவர் கண்ணை மூடியிருக்காரு, அவங்களும் பார்க்கல, எடுத்துடுங்க, ப்ளீஸ்க்கா என்று கிசுகிசுக்கிறான்.

அவள் குறட்டை வாங்கிக்கொண்டாள், அவன் மூச்சு திரும்பிவந்தது, ஆனால் அவள் குனியவில்லை, கையை உயர்த்தி விளக்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, அண்ணா, கண்ணைத் திறங்க என்று பிரிவு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள், இமைகள் திறந்தன, இந்தப் பல்லை நான்தான் எடுக்கப் போறேன், போன மாசம் எடுத்ததும் நான்தான், டீ கிளாஸ்கள் உதட்டருகே நின்றுவிட்டன, கிருபாஷினி, என்னம்மா இது என்றார் சின்னுசாமி சார், பல்லு உடையப் போகுது சார், எடுத்துட்டு வந்து சொல்றேன் என்றாள், அர்த்தநாரி மரத்துப்போன நாக்கைப் புரட்டி, அப்போ தம்பி என்று குழறினார், தம்பி உங்க தாடையைப் பிடிச்சுக்குவான் என்றாள் அவள்.

குழாய் இறக்குமுன் மண்ணைப் பார்ப்பதுபோல் அர்த்தநாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார், பிறகு வாயைத் திறக்கிறார், கண்ணை மூடவில்லை, கருவிழிகள் இப்போது தாறுமாறாக ஓடவில்லை, அவள் கை போகிற இடமெல்லாம் கூடவே போகின்றன, நவநீதன் இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடிக்கிறான், வேருக்கடியில் எலும்பு மெல்ல இளகுவது அவன் விரலுக்குத் தெரிகிறது, அந்தக் கண்கள் எந்த நேரமும் தன் பக்கம் திரும்பிவிடும் என்று தோன்றுகிறது, கூசுகிறது என்று சொல்ல விளக்கு இந்தப் பக்கம்கூட இல்லை, அவன் தன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான்.