பதினேழு அழைப்புகள்

அக்கா வீட்டின் பழைய போன் கீழே விழுந்து உடைந்த அன்றே எனக்கு உத்தரவு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பேசியை வாங்கிப் பேசினாள்.

"சாயங்காலம் வரும்போது ஒரு போன் வாங்கிட்டு வா. நாளைக்குன்னு இழுக்காதே."

"என்னக்கா அவசரம்? ஒரு வாரம் பொறு, நல்லதா பாத்து வாங்கலாம்."

"அந்த ஒரு வாரத்துல பாப்பா கூப்பிட்டா?"

பாப்பா அவளுடைய ஒரே மகள். முப்பத்திரண்டு வயது. தொலைவில் வேறொரு நாட்டில், ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் இரவு வேலை. போன மாதம் லீவில் வந்திருந்தாள். கணவனைப் பிரிந்து தனியாக இருப்பதை அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அக்கா அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். கெட்ட எண்ணம் இல்லை, மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டே நாளில் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் பாப்பாவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போதே பாப்பா பெட்டியைக் கட்டிவிட்டாள். "உன்கிட்ட சொன்னதுக்குப் பதிலா நானே மைக் பிடிச்சு சொல்லியிருக்கலாம்" என்று வாசலில் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

"நீயே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இப்ப கூப்பிட்டா கத்திட்டு வச்சிடுவா. அப்புறம் அதுவும் ஒரு சண்டையாயிடும். கோபம் ஆறட்டும். ஆறினா அவளே கூப்பிடுவா. என் பொண்ண எனக்குத் தெரியாதா?"

நான் முன்பு வாங்கிக் கொடுத்த கைப்பேசி அக்காவுக்கு ஒத்துவரவில்லை. முப்பது வருடம் சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். விரல் நுனிகள் காய்த்து வழவழப்பாகிவிட்டன. எவ்வளவு தொட்டாலும் கைப்பேசியின் கண்ணாடி அசையாது. "நான் என்ன பேயா? தொட்டாலும் தெரிய மாட்டேங்குதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதனால் கடையில் இருந்ததில் பெரிய பட்டன் வைத்த போனாகத் தேடினேன். பழைய காலத்து போன் மாதிரி செய்த ஒன்று கிடைத்தது. பால் நிறம், பித்தளை மாதிரி ஓரம், முகத்தில் வட்டமான டயல். ஆனால் வயர் இல்லாதது. ரிசீவரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கலாம்.

அக்கா டயலில் விரலை விட்டுச் சுழற்றப் பார்த்தாள்.

"சுத்த மாட்டேங்குதே."

"அது சுத்தாதுக்கா. ஓட்டைக்குள்ள பட்டன் இருக்கு, அமுக்கணும்."

"அப்ப எதுக்கு இந்த வேஷம்?"

பேட்டரிகளைப் போட்டேன். ரிசீவரைத் தாங்கியில் வைத்ததும் அதன் சின்னத் திரை பச்சையாக விழித்தது. தேதி கேட்டது, கொடுத்தேன். மணி கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஏழு இருபது என்று அமுக்கினேன். முதல் தடவை பதினாறு மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும் என்று கையேட்டில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"பதினாறா? யானைக்குத் தீனி போடற மாதிரி இருக்கே."

அவள் அடுப்படிக்குப் போனாள். நான் மெனுவில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தேன். 'அமைதி நேரம்' என்று ஒன்று வந்தது. நாம் சொல்லும் நேரத்தில் மணி அடிக்காது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை என்று போட்டேன். அக்காவைக் கேட்கவில்லை. நான் ஒரு அலுவலகத்தின் பழைய கோப்பு அறையில் வேலை பார்க்கிறேன். அங்கே நாள் முழுக்கக் கேட்பது தாள் புரளும் சத்தம் மட்டும்தான். என் கைப்பேசி வருடக்கணக்காக மௌனத்தில்தான் கிடக்கிறது. யாருக்கும் அமைதி ஒரு பரிசு என்றே நினைத்திருந்தேன்.

பிறகு என் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பழைய இரும்பு மணியின் சத்தம் வீட்டை உலுக்கியது. அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அப்பாடா. இதுக்கு மேல எனக்குக் காது கேக்கலன்னு எவனும் சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு மூன்று வாரம். இரண்டு நாளுக்கு ஒருமுறை, வேலை முடிந்து வீடு திரும்பி, ஏழரை மணிக்குக் கூப்பிடுவேன். இரண்டாவது மணிக்கே எடுப்பாள்.

"ஹலோ?" அதில் ஒரு தாவல் இருக்கும். என் குரல் கேட்டதும் "ஓ, நீயா" என்று இறங்கிவிடும்.

"பாப்பா கூப்பிட்டாளா?"

"இல்ல."

முன்பெல்லாம் அரை மணி நேரம் விடமாட்டாள். தெருவில் யார் வீட்டுக் குழாய் உடைந்தது என்பதில் தொடங்கி, யாருடைய பல்செட் பொருந்தவில்லை என்பது வரை வரும். இந்த மூன்று வாரத்தில் அது பத்து நிமிடமாகி, மூன்று நிமிடமாகிவிட்டது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இதை இப்போது எழுதும்போதும் கை தயங்குகிறது, ஆனால் உண்மை. சீக்கிரம் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்க முடிந்தது.

ஒருநாள், "விளம்பரக்காரன்கூட என்னை மறந்துட்டான்டா" என்றாள். நான் சிரித்தேன்.

இடையில் பாப்பாவே என்னை இரண்டு முறை அழைத்திருந்தாள். வேலை நேரத்தில் வந்த அழைப்புகள், மாலையில்தான் பார்த்தேன். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். நாளைக்குப் பேசலாம் என்று வைத்தேன். அந்த நாளை வரவேயில்லை.

இருபத்திரண்டாம் நாள் பல் வலி. அரை நாள் லீவு போட்டு மருத்துவரைப் பார்த்துவிட்டு, அப்படியே அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று தெருவிலிருந்து கூப்பிட்டேன். மணி பன்னிரண்டு. என் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறைக்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல் நடந்தேன், பாதியில் ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. அக்கா போன் வைத்திருந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு தலையணை உறைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இந்த நேரத்துல? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மூணு தடவ கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?"

"எங்க கூப்பிட்டே? நான் காலையிலேருந்து இங்கதான் இருக்கேன். அடிக்கவே இல்ல."

ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். நல்ல வெயில் நேரத்தில் திரையின் மூலையில் ஒரு பிறை நிலா. பக்கத்தில் 12:40. அதன் கீழே, எறும்பளவு எழுத்தில், நள்ளிரவு என்பதற்கான குறி. அன்று மாலை ஏழு இருபதை நான் காலை ஏழு இருபது என்று கொடுத்திருக்கிறேன். போனுக்குப் பகல்தான் இரவு. காலை பத்து மணிக்குத் தூங்கி மாலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறது. நான் எப்போதும் கூப்பிட்டது ஏழரைக்கு.

தவறிய அழைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். என்னுடைய மூன்று அழைப்புகளுக்குக் கீழே ஒரே எண், வெளிநாட்டு எண், வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. எண்ணினேன். பதினேழு. எல்லாமே போனின் கணக்கில் இரவு பதினொன்றை, அதாவது காலை பதினொன்றை, ஒட்டியவை, ஒரு நாளைக்கு ஒன்று. கடைசி அழைப்பு நான்கு நாளுக்கு முன்னால்.

"என்னடா, கெட்டுப்போச்சா?"

"பேட்டரி கொஞ்சம் லூஸா இருக்கு."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "என் பொண்ண எனக்குத் தெரியும்னு பெருசா பேசினேன். தெரியல போல. இத்தனை நாளுக்குக் கோபம் வச்சுக்கிட்டிருப்பான்னு நான் நினைக்கல. நான் பண்ணினது அவ்வளவு பெரிய தப்பா இருந்திருக்கு, எனக்குத்தான் உறைக்கல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைவு. ஆனால் என் கட்டைவிரல் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. மணியைத் திருத்தியது. அமைதி நேரத்தை எடுத்தது. பிறகு, 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று திரை கேட்டபோது, ஆம் என்று அமுக்கியது. தவறிய அழைப்புகளுக்காகத் தாங்கியில் துடித்துக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

"அப்பா, அந்த லைட்டு நின்னுடுச்சா? சார்ஜ் ஏறுதுன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சு, கண்ண உறுத்திக்கிட்டே இருந்தது."

நாளைக்குப் பாப்பா கூப்பிடுவாள், மணி அடிக்கும், அக்கா எடுப்பாள், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் போயிற்று. பாப்பா கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் பதினோரு மணிக்குக் கோப்பு அறையை விட்டு வெளியே வந்து, மாடிப்படியில் நின்று, நானே அவளை அழைத்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அட, மாமாவா? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது? நீங்க போனே எடுக்க மாட்டீங்க, பண்ணவும் செய்வீங்களா?"

"பாப்பா, அம்மாவுக்கு ஒரு தடவ கூப்பிடேன்."

அவள் குரல் மாறியது. "கூப்பிட்டேனே. பதினேழு நாள். இதே பஸ்ல, இதே சீட்டுல. முதல் வாரம் எங்கயோ போயிருக்காங்கன்னு நினைச்சேன். அப்புறம் உடம்புக்கு என்னவோன்னு பயந்து உங்களக் கூப்பிட்டேன். நீங்களும் எடுக்கல. அங்க இருக்கற ஒரு சித்திய விசாரிச்சா, 'உங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்களே'ன்னு சொன்னாங்க. சரி, என் நம்பர பாத்துட்டுதான் எடுக்கலன்னு புரிஞ்சுது. எத்தனை நாள்தான் மாமா வெட்கமில்லாம அடிக்கறது?"

கீழே யாரோ படியேறி வந்தார்கள். வழி விட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன்.

"மாமா? இருக்கீங்களா?"

சொன்னேன். மணியைத் தப்பாக வைத்தது, பகலில் அடிக்காமல் போனது, அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸின் கதவு திறந்து மூடும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. பேட்டரின்னு சொல்லிட்டேன். நீ இப்ப கூப்பிட்டா..."

"கூப்பிட மாட்டேன்."

"பாப்பா..."

"நான் கூப்பிட்டா நீங்க தப்பிச்சிடுவீங்க. அம்மா காலம் பூரா நான்தான் ஒரு மாசம் கல்நெஞ்சா இருந்தேன்னு நினைச்சுக்கிட்டிருப்பாங்க. நீங்க போய் சொல்லுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடறேன். அதுக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லுவேன். அது இன்னும் அசிங்கம், மாமா."

மறுநாள் பத்தரைக்கு அக்கா வீட்டில் இருந்தேன். டீ போட்டுக் கொடுத்தாள். மறுபடி லீவா, பல்லா என்று கேட்டாள். கடிகாரம் பத்து நாற்பத்தைந்தைத் தாண்டும் வரை தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மௌனம் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் அது கோழைத்தனத்துக்கு நான் வைத்திருந்த நல்ல பெயரோ என்று தோன்றியது.

"அக்கா, பாப்பா கூப்பிட்டா."

அவள் எழுந்தே விட்டாள். "எப்ப? உன்னையா? என்ன சொன்னா?"

"உன்னத்தான். தினமும். நான் போன்ல மணிய மாத்தி வச்சிட்டேன். பகல்ல அடிக்காம போயிடுச்சு. பதினேழு தடவ கூப்பிட்டிருக்கா."

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவளுக்கு நன்றாகத் திட்டத் தெரியும், சலவைக் கடையில் அதற்குப் பேர் பெற்றவள். ஆனால் அவள் போனைப் பார்த்தாள்.

"பதினேழுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுல பட்டியல் இருக்கும். என்னைக்கு, எத்தன மணிக்குன்னு."

"எங்க, காட்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காட்டுடா. எனக்குப் படிக்கத் தெரியும்."

"அழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"நீ பாத்துடுவேன்னு."

தாங்கியில் இருந்த ரிசீவரை அவள் விரலால் ஒருமுறை துடைத்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், "அதையாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாமேடா" என்றாள். "உக்காந்து ஒண்ணொண்ணா பாத்திருப்பேன்ல."

மணி அடித்தது. அவ்வளவு அருகில் இருந்தும் இருவருமே திடுக்கிட்டோம். அக்கா ரிசீவரை எடுத்தாள், இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள். ஹலோ சொல்லவில்லை. "பாப்பா" என்றாள். அப்படியே நடந்து படுக்கையறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கூடத்தில் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது, பிறகு பேச்சு, பிறகு நம்ப முடியாமல் ஒரு சிரிப்பு. காது கொடுக்கக் கூடாது என்று வாசலுக்குப் போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி குப்பைக் கூடையோடு வந்தவள், "என்ன தம்பி, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். "நல்லா இருக்காங்க" என்று உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியிருக்கும். அக்கா வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ரிசீவரைத் தாங்கியில் வைத்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். "அவளும் கேட்டா. உன்னையும் ரொம்பத் திட்ட வேணாம்னு சொன்னா."

நான் ஏதோ சொல்ல வந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒவ்வொரு நாளும் என்ன சொல்ல கூப்பிட்டேன்னு கேட்டேன். யோசிச்சு யோசிச்சு சொன்னா. நாலு நாள் என்னன்னுதான் ஞாபகம் இருக்காம். மிச்சம் பதிமூணு அவளுக்கே மறந்துபோச்சு."

தைத்து முடிக்காத துணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி போய் மறைந்தது.

"அந்த நாலு என்னக்கா?" என்றேன்.

"அது உனக்கு எதுக்கு?" என்றாள், ஊசியைத் தேடிக்கொண்டே.